மணப்பந்தலும் காமிராவும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் திருமணங்களைப் படம் பிடிப்பது எங்கள் தொழில். 1990களின் தொடக்கத்தில் தில்லி கரோல் பாகில் நண்பர் இருவராகச் சிறியதொரு ஸ்டூடியோவை அமைத்துக்கொண்டோம். அந்நாள் முதல் எத்தனையோ பந்தல்களில் நின்றிருக்கிறோம். ஹோமப் புகையில் கண் எரிந்திருக்கிறோம். பந்தி முடிந்த பின் ஆறிய ரசத்தையும் உண்டிருக்கிறோம். அந்த அனுபவத்திற் சிலவற்றை இங்கே கூற விரும்புகிறோம். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ மணம் பேசி முடித்துள்ள நேயர்களுக்கு இவை பயன்படக்கூடும்.

வடநாட்டில் திருமணம் பெரும்பாலும் இரவுக்குரியது. மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேரவே இரவு ஒன்பது மணி ஆகிவிடும்; அக்கினியை வலம் வரும் சடங்கு நள்ளிரவைத் தாண்டியும் நடைபெறும். அவ்வழக்கில் ஊறிய உள்ளூர்ப் புகைப்படக்காரரிடம் “முகூர்த்தம் காலை ஆறு முதல் ஏழரை” என்று சொன்னால், அவர் தலையை ஆட்டிவிட்டு ஒன்பது மணிக்கு வந்து நிற்பார். அதற்குள் தாலி ஏறி ஒன்றரை மணி நேரம் கடந்திருக்கும்! எங்களுக்குத் துணையாக வந்த இளைஞர் ஒருவர், காசி யாத்திரையில் மாப்பிள்ளை குடையும் தடியும் ஏந்திப் புறப்பட்டதைக் கண்டு, அவர் கோபித்துக்கொண்டு போகிறார் போலும் என்று எண்ணி, மரியாதையாகக் காமிராவைத் தாழ்த்திக்கொண்டார். அவர் மீது குற்றம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

தாலி கட்டும் நேரம் அரை நிமிடங்கூட இராது. சாஸ்திரிகள் விரலை உயர்த்திச் சைகை காட்டுவார். நாகசுரமும் தவிலும் கெட்டிமேளமாக முழங்கும். அந்த நொடியிலேயே அவை முழுவதும் எழுந்து அட்சதை தூவும். பல குடும்பங்களில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, எஞ்சிய இரண்டையும் நாத்தனார் பின்னின்று போடுவது வழக்கம். ஆகவே அவ்வம்மையார் எப்பக்கம் நிற்பார் என்பதை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்துள்ளது. கைபேசி இல்லாத உறவினர் இல்லை. கெட்டிமேளம் கேட்டதும் இருபது கைகள் ஒருங்கே உயரும். எங்கள் படங்கள் பலவற்றில் மணமகளின் முகத்துக்கு முன்னே யாரோ ஒரு சித்தப்பாவின் முழங்கை அழகாகப் பதிந்திருக்கிறது.

ஒளியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். காமிராவின் ஒளிமானி எதிரில் உள்ளதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்கிடும். வெண்பட்டும் வேட்டியும் நிறைந்த மேடையைக் கண்டால், ஒளி மிகுந்துவிட்டது என்று கொண்டு, படத்தை இருளச் செய்துவிடும். மாநிற முகங்கள் மேலும் கறுத்துப் போகும். இதற்கு முகத்தின் மீதே ஒளியை அளந்துகொள்வதுதான் வழி. ஹோமப் புகைக்கு நேரே பிளாஷை அடித்தால் புகை வெண்திரையாக எழுந்து மறைக்கும். விளக்கைப் பக்கத்திலிருந்து காட்ட வேண்டும். இவற்றையெல்லாம் செய்யாமல், பிறகு கணினியில் முகத்தை வெளுத்துக் கொடுப்போர் பலர். நாங்களும் ஒருமுறை நேரமின்மையால் அவ்வேலையை வெளியாரிடம் ஒப்படைத்தோம். வந்த ஆல்பத்தைப் பார்த்த மணமகள், “அங்கிள், இது நான்தானா?” என்று கேட்டாள். அன்றோடு அப்பழக்கத்தை விட்டோம்.

மாதக் கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. வடநாட்டில் ஆஷாட ஏகாதசி தொட்டுக் கார்த்திகை ஏகாதசி வரை, சாதுர்மாஸ்யம் என்று, பெரும்பாலோர் மணம் செய்வதில்லை. நமது ஆவணி முகூர்த்தங்கள் அதன் நடுவே வருகின்றன. ஆகவே ஆவணியில் மண்டபமும் புகைப்படக்காரரும் தில்லியில் எளிதில் கிடைப்பர். தை மாதத்திலோ இரு சாராரும் ஒரே கூடத்துக்குப் போட்டியிடுவர். மார்கழி இரு சாராருக்கும் பொதுவான ஓய்வு. கேரளத்திலும் ஆவணிக்கு இணையான சிங்கம் மாதத்தில் மணங்கள் மிகுதி. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் குருவாயூர்க் கோயிலின் முன் முந்நூறுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடந்தன. மும்பையிலும் தில்லியிலும் வாழும் பாலக்காட்டுத் தமிழர் சிலர் இன்றும் அங்கே சென்று மணம் முடித்து வருகின்றனர். கூட்டமான நாளில் ஒரு ஜோடிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அங்கே புகைப்படக்காரருக்குக் கலையைவிடக் கால்வலிமையே மிகுதியாக வேண்டும்.

பெண் வீட்டு ஊரிலும் அல்லாமல், பிள்ளை வீட்டு ஊரிலும் அல்லாமல், மூன்றாவதோர் அழகிய ஊரைத் தேர்ந்து அங்கே மணம் செய்வது இந்நாளைய பழக்கம். ‘டெஸ்டினேஷன் வெட்டிங்’ என்று சொல்கிறார்கள். இமயமலைச் சாரலில் திரியுகிநாராயணம் கோயிலுக்குச் செல்வோர் உண்டு. சிவபெருமானும் பார்வதியும் மணந்த தலம் அது என்பது ஐதிகம். அங்கே குளிரில் மின்கலங்கள் விரைவில் சோர்ந்துவிடும். அவற்றைச் சட்டையின் உட்பையில் வைத்து உடற்சூட்டில் காத்தோம்.

இராஜஸ்தானத்து உதயபுரியில் நடந்த திருமணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பிச்சோலா ஏரியின் கீழ்க்கரையில், நீரை ஒட்டிய மாடத்தில் பந்தல். மணமக்கள் கிழக்கு நோக்கி அமர்ந்தனர். அவர்களுக்குப் பின்னே ஏரி, ஏரிக்கு நடுவே வெண்மாளிகை, அப்பால் ஆரவல்லிக் குன்றுகள். கண்கொள்ளாக் காட்சி! ஆயினும் காலைச் சூரியன் கரையிலிருந்த உயர்ந்த கட்டடங்களுக்குப் பின்னே எழுந்தது. பந்தல் நிழலில் கிடக்க, எதிர்க்கரை பளபளவென்று ஒளிர்ந்தது. முகத்துக்கு ஒளியைக் கணக்கிட்டால் ஏரி வெளுத்து மறைந்தது. ஏரிக்குக் கணக்கிட்டால் முகங்கள் நிழலுருவாயின. ஏரிக்காகவே பெருந்தொகை கொடுத்திருந்த பெண்ணின் தந்தையார் எங்களை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு ஒரு புது எட்டுமுழ வேட்டியை இரட்டையாக மடித்து, இருவரைப் பிடிக்கச் செய்து, அதன்மேல் விளக்கைப் பாய்ச்சி முகங்களுக்கு ஒளி கொடுத்தோம். ஏரியும் கிடைத்தது, முகமும் கிடைத்தது.

இரண்டு நாளில் 4,200 படங்கள் எடுத்திருந்தோம். படகில் மணமக்கள், வளைவுகளின் கீழ் மணமக்கள், அந்திச் செவ்வானத்தின் முன் மணமக்கள். எங்களுக்கே பெருமிதம் தாங்கவில்லை.

ஆல்பத்தைக் கும்பகோணத்திலிருந்த பாட்டியாரிடம் கொண்டு போனார்கள். மூட்டு வலியால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய அவரால் இயலவில்லை. ஏரியை அவர் பார்க்கவேயில்லையாம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, “எல்லோரும் சேர்ந்து நிற்கிற படம் எங்கே?” என்று கேட்டாராம். அப்படி ஒரு படம் இல்லை. பிலாயிலிருந்தும் ஜாம்ஷெட்பூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்த உறவினர், பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு ஓரிடத்தில் கூடியிருந்தனர். அவர்களை ஒன்றாக நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

பிலிம் காலத்தில் இத்தவறு நேர்ந்ததில்லை. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமை நாடெங்கும் அனுப்பிய காலம் ஒன்று உண்டு. இன்று அது மூடப்பட்டுவிட்டது. எங்கள் தொடக்க நாட்களில் ஒரு சுருளுக்கு 36 படம், ஒரு கல்யாணத்துக்குப் பத்துச் சுருள். எண்ணி எடுத்ததால், எதை எடுக்காமல் விடக்கூடாது என்ற அச்சம் இருந்தது. நாற்காலியில் பெரியோர், பின்னே மற்றவர், ஜமக்காளத்தில் குழந்தைகள் என்ற அப்படமே பட்டியலில் முதலாவது.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிலாயிலிருந்து தொலைபேசி வந்தது. உதயபுரிக்கு வந்திருந்த பெரியப்பா காலமாகிவிட்டார். பத்தாம் நாளுக்கு மாலையிட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்று அவர் மகன் கேட்டார். 4,200 படங்களையும் இரண்டு இரவு தேடினோம். அவர் மூன்றில் இருந்தார். ஒன்றில் முதுகு. மற்றொன்றில் வாழைமரத்துக்குப் பின்னே பாதி முகம். மூன்றாவதில், ஓரத்தில், யாருக்கோ காபி டவராவை நீட்டிக்கொண்டு நின்றார். திருமணம் முழுவதும் சமையற்கட்டிலேயே நின்று மேற்பார்த்தவர் அவர் என்பதை அப்போதுதான் அறிந்தோம். அந்த ஓரத்தைப் பெரிதாக்கி அனுப்பினோம். டவராவை நீக்கிவிடலாமா என்று கேட்டதற்கு மகன், “வேண்டாம் சார், அப்பா அப்படித்தான் நிற்பார்” என்றார்.

இப்போதெல்லாம் முந்திய மாலையே வீட்டின் மூத்த பெண்மணி ஒருவரோடு அமர்ந்து, வந்திருப்பவர் பெயர்களை எழுதி வாங்கிக்கொள்கிறோம். சமையற்கட்டுக்கும் ஒருமுறை போய் வருகிறோம். குழுப் படத்தைத் தாலி கட்டி ஆசீர்வாதம் முடிந்தவுடன், முதற்பந்திக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இலை போட்ட பின் யாரும் திரும்பி வாரார். வெளியூர் மணங்களில் பாதிப் பேர் பகல் வண்டிக்கே கிளம்பிவிடுவர். ஆதலால் நாற்காலிகளை முதல் நாள் இரவே வரிசையாகப் போட்டு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.