அரிச்சல்முனை வரை

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது தனுஷ்கோடி இலங்கைக்குப் போகும் வாசலாயிற்று. எழும்பூரில் ரயிலேறியவர் இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போவார். அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே பயணச்சீட்டு. ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், தேவாலயம் என்று ஊர் நிறைந்திருந்தது. தீர்த்தமாட வந்தவர் நீங்கலாக மற்றவருக்கு அது கடந்துபோகும் ஊர்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. ஊரும் போயிற்று. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ரயில் அதற்குப் பிறகு ராமேஸ்வரத்தைத் தாண்டவில்லை. மீனவர்கள் மட்டும் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். கரைவலை இழுத்தார்கள், மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுத்தார்கள்.

அரை நூற்றாண்டுக் காலம் தார்ச்சாலை ஊருக்கு முன்பே, முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்தது. அதற்கப்பால் வேன்தான். மணலிலும் முழங்கால் நீரிலும் உருண்டு குலுங்கிப் போகும் அந்த வேனை ஓட்ட, எந்த மணல் இறுகியது, எது சக்கரத்தை இழுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அடுத்த மழைக்காலம் வந்தால் அந்தக் கணக்கும் மாறிவிடும். வெளியூர்க்காரர் எவரும் உள்ளூர்க்காரர் ஒருவரை நம்பித்தான் உள்ளே போக முடிந்தது.

2017-இல் நிலத்தின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறந்தது. சத்திரத்திலிருந்து சுமார் ஒன்பதரை கிலோமீட்டர். இடப்பக்கம் பெண் கடல் என்று உள்ளூரில் சொல்லும் அமைதியான கடல், வலப்பக்கம் ஆண் கடல் என்று சொல்லும் சீறும் கடல். நடுவே நேர்க்கோடாய் ஓடும் அந்தச் சாலைக்கு நிகரான அழகு தமிழகக் கரையில் வேறெங்கும் இல்லை என்பேன். அரசுப் பேருந்தே முனைவரை போகிறது. குடிசைவாசிகளுக்கு இது சிறிய மாற்றமல்ல. பிரசவ வலி கண்ட பெண்ணை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோக வேனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிடித்த மீன் வெயிலில் வாடுமுன் சந்தைக்குப் போய்விடுகிறது. சாலையோரத்தில் சங்குக்கடையும் பொரித்த மீனும் நாலு காசு தருகின்றன.

வேன்காரர்களின் பிழைப்புதான் போயிற்று. அவர்களோடு மணலைப் படிக்கும் அந்த அறிவும் போகிறது; அதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அன்று வேனில் வந்தவர் குடிசைக்காரரோடு நாலு வார்த்தை பேசினார், கரைவலை இழுப்பதைப் பார்த்தார். இன்று கார் நேரே முனைக்குப் போய், அசோகத் தூணைச் சுற்றிப் படமெடுத்துத் திரும்புகிறது. மாலையானால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கண்ணாடிக்கு வெளியே ஊர் மறுபடியும் கடந்துபோகும் ஊராகிவிட்டது.

பவளப்பாறைக் கல்லால் கட்டிய தேவாலயத்தில் புயலுக்குப் பின் எஞ்சிய சுவர் உப்புக்காற்றில் ஆண்டுக்காண்டு உதிர்கிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது அவசரமான வேலை. அதைவிட அவசரமானது ஒன்றுண்டு: வாழத் தகுதியற்றது என்று அறிவித்த மண்ணில் நெடுஞ்சாலை போட முடிந்தவர்கள், அங்கே தலைமுறைகளாக வாழ்பவர்களின் ஓலைக் குடிசைக்கு என்ன வழி என்று சொல்ல வேண்டும்.