‘போல’ என்னும் சிறு சொல்

அணி என்றவுடனே, பள்ளியில் உருப்போட்ட இலக்கணமும் அதற்குக் கிடைத்த இரண்டு மதிப்பெண்ணும் நேயர் பலருக்கு நினைவுக்கு வரக்கூடும். தண்டியலங்காரம் கூறும் பொருளணிகள் மட்டுமே 35. அவற்றின் பெயர்களை அடுக்கி உங்களை வருத்துவது என் நோக்கமன்று.

அணியை நகை என்று கொண்டு, நகையைக் கழற்றினாலும் உடல் இருக்குமன்றோ என்று எண்ணுவார் உளர். நல்ல அணி அத்தகையதன்று. கழற்றினால் பொருளே போய்விடும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டிற் காண்கிறோம். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ‘நீ போருக்குப் பழகாதவன்’ என்று நேரே கூறியிருந்தால் அரசன் சினந்திருப்பான். தூதும் அங்கேயே முடிந்திருக்கும். ஔவையாரோ பாராட்டுகிறார். இவ்வேல்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றனவாம். அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றனவாம். எஞ்சியதைக் கேட்டவனே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். இதனை வஞ்சப்புகழ்ச்சி என்போம். இதன் நயத்தைப் பலரும் புகழ்வர். எனக்கு அவ்வம்மையாரின் அஞ்சாமையே பெரிதாகப்படுகிறது.

இனி, அணிகளுக்கெல்லாம் தாயாகிய உவமைக்கு வருவோம். தொல்காப்பியர் இதற்கென ஓர் இயலே வகுத்தார். ஒப்புமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினால் அமையும் என்றார். புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. மாரிபோல வழங்கினான் என்பது பயன். உடுக்கை போன்ற இடை என்பது மெய். பவளம் போன்ற வாய் என்பது உரு, அதாவது நிறம். அளவும் மெய்யுள் அடங்கும்.

உவமையில் நிற்கும் ‘போல’ என்பது நேர்மையான சாட்சி. இரண்டும் ஒன்றல்ல, ஒப்பானவையே என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. உருவகம் அச்சாட்சியை வெளியே அனுப்பிவிடுகிறது. மலர் போன்ற முகம் ‘முகமலர்’ ஆகும்போது வேற்றுமை மறைகிறது. கவிதையில் இஃது இன்பம். மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் சற்றே விழித்திருக்க வேண்டும்.

மாநாட்டில் திரண்டோரை ‘மக்கள் வெள்ளம்’ என்கிறோம், பெருமிதம் தோன்றுகிறது. 1983-ஆம் ஆண்டு முதல் இலங்கையிலிருந்து தோணியேறி இராமேசுவரக் கரையில் வந்திறங்கியோரை ‘அகதிகள் வெள்ளம்’ என்றால் அச்சம் தோன்றுகிறது. சொல் ஒன்றே. மறைந்த ‘போல’வை மீட்டு, எதனால் ஒப்பு என்று கேட்டுப் பாருங்கள். அளவால் ஒப்பு உண்டு. வினையால் உண்டோ? வெள்ளம் கரையை உடைக்கும். நெல்லை அழுகச் செய்யும். கைக்குழந்தையும் துணி மூட்டையுமாக மணலில் இறங்கி, மண்டபம் முகாமிற் பெயர் பதியக் காத்திருந்தவள் எதையும் உடைக்க வரவில்லை. தன் வீட்டை விட்டு வந்தாள்.

உயர்வகுப்பு மாணவர்க்கு நான் வாரந்தோறும் ஒரு பயிற்சி தருவதுண்டு. நாளிதழிலிருந்து மூன்று உருவகங்களை எடுத்து, ‘போல’ சேர்த்து எழுதி, நான்கினுள் எதனால் ஒப்பு என்று எதிரே குறிக்க வேண்டும். எதனாலும் பொருந்தாதவற்றைச் சிவப்பு மையாற் சுழிக்க வேண்டும். தேர்தல் மாதங்களிற் சிவப்பு மை சற்று மிகுதியாகவே செலவாகும்.