மெட்டு முடிந்த பின் தொடங்கும் வேலை

அமெரிக்கப் பாடலாசிரியர் பார்ட் ஹோவர்ட் 1954-இல் எழுதிய ‘ஃப்ளை மீ டு த மூன்’ பாடல், மூன்று எண்ணிக்கையில் மெல்ல ஆடும் வால்ட்ஸ் நடையில் பிறந்தது. பத்து ஆண்டுகள் கழித்து ஃபிராங்க் சினாட்ராவும் கவுன்ட் பேஸி குழுவும் சேர்ந்து அதைப் பதிவு செய்தபோது, குவின்சி ஜோன்ஸ் அதற்கு நான்கு எண்ணிக்கையில் துள்ளும் ஸ்விங் நடை அமைத்தார். வரிகளை யாரும் மாற்றவில்லை. ஆனாலும் இன்று பலர் காதில் ஒலிப்பது 1964-இன் அந்த வடிவம்தான். பாட்டு எழுதுவது ஒரு கலை, அதற்கு இசைக்கோர்ப்பு செய்வது இன்னொரு கலை. இரண்டையும் கல்லூரியில் கற்றுக்கொள்ள முடியும்.

ஜோன்ஸ் இளம் வயதில் படித்த இடம் பாஸ்டனில் இருந்த ஷில்லிங்கர் ஹவுஸ். எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்த லாரன்ஸ் பெர்க் 1945-இல் தொடங்கிய பள்ளி அது. இசைப்பள்ளிகள் பெரும்பாலும் ஐரோப்பியச் செவ்வியல் இசையையே கற்பித்த காலத்தில், ஜாஸையும் வெகுஜன இசையையும் அங்கே பாடமாக வைத்தார்கள். 1954-இல் பெர்க் தன் மகன் லீயின் பெயரைச் சேர்த்துப் பள்ளியின் பெயரை மாற்றினார். இன்று பெர்க்லீ இசைக் கல்லூரி என்று நாம் அறிவது அதைத்தான். 2014-இல் ஏ.ஆர். ரஹ்மானுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்ததும் இதே கல்லூரிதான்.

அங்கே நெடுங்காலம் பாடல் வரி எழுதக் கற்பித்தவர் பாட் பாட்டிசன். அவர் தரும் முதல் பயிற்சி எளிமையானது. காலையில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பார்வை, ஒலி, மணம், சுவை, தொடுகை, உடலுக்குள் நிகழ்வது, அசைவு ஆகியவற்றின் வழியே 10 நிமிடம் எழுத வேண்டும். நேரம் முடிந்ததும் பாதி வாக்கியமானாலும் நிறுத்திவிட வேண்டும். அடுத்துக் கட்டமைப்புக்கு வருகிறார். நான்கு வரியில் முடியும் சரணம் காலூன்றி நிற்கும். ஐந்து வரியில் முடிவது எதையோ எதிர்பார்த்துத் தவிக்கும். பிரிந்துபோனவரைப் பற்றிய பாட்டுக்கு அந்தத் தவிப்பே பொருத்தம். சொல்லின் பொருளும் வடிவமும் ஒரே திசையில் போக வேண்டும் என்பதுதான் அவருடைய பாடத்தின் சாரம்.

நம் திரைப்பாடலாசிரியர்களுக்கு இந்த இணக்கம் புதிதல்ல. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் பாடிக்காட்டும் மெட்டுக்குள் அவர்கள் சொல்லைப் பொருத்துகிறார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசை, தாளத்தின் வலுவான தட்டில் விழ வேண்டும். தமிழில் கவனிக்க வேண்டியது குறிலும் நெடிலும். குறிலை நீட்டிப் பாடினால் சொல்லே மாறிவிடும்.

மாணவர்கள் உண்மையில் திணறுவது இசைக்கோர்ப்பு வகுப்பில். பாடலாசிரியர் கொண்டுவரும் ஒற்றைத் தாளில் மெட்டும், அதன் மேல் கார்டுகளின் பெயர்களும் மட்டுமே இருக்கும். டிரம்ஸ், பேஸ் கிட்டார், கீபோர்டு, ஊதுகருவிகள் ஒவ்வொன்றும் என்ன வாசிக்கும் என்று இனிதான் முடிவு செய்ய வேண்டும். இதற்குக் கருவிகளின் இயல்பு தெரிய வேண்டும். டிரம்பெட் ‘சி’ ஒலிக்க வேண்டுமானால் தாளில் ‘டி’ எழுத வேண்டும். ஆல்டோ சாக்ஸபோனுக்கு ‘ஏ’ எழுத வேண்டும். இதை மறந்தால் முதல் ஒத்திகையிலேயே குழு சிதறும்.

அடுத்தது சுரங்களை அடுக்கும் முறை. சி, ஈ, ஜி, ஏ என்ற நான்கு சுரங்களும் நெருங்கி நிற்கும்போது ஒலி இறுக்கமாக இருக்கும். மேலிருந்து இரண்டாவதான ‘ஜி’யை மட்டும் ஓர் ஆக்டேவ் கீழே இறக்கினால் அதே நான்கு சுரங்கள் விரிந்து காற்றோட்டமாக ஒலிக்கும். ‘டிராப் டூ’ எனப்படும் இந்த உத்தி ஜாஸ் குழுக்களில் அன்றாடம் புழங்குவது. விரிப்பதற்கும் எல்லை உண்டு. பியானோவின் நடு ‘சி’யிலிருந்து ஓர் ஆக்டேவுக்குக் கீழே போய்விட்டால், அடுத்தடுத்த சுரங்களைக் காது பிரித்தறியத் திணறும், ஒலி கலங்கிவிடும். அதனால் அங்கே சுரங்களை விலக்கி வைப்பார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது எதையும் வாசிக்காமல் இருக்கக் கற்பது. கணினியில் இசை எழுதும் இன்றைய மாணவருக்கு நூறு ஒலித்தடங்கள் இலவசம். அத்தனையையும் நிரப்பக் கை துடிக்கும். பாடகர் பாடும் இடத்தில் வயலின்கள் ஒதுங்கி, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் பதில் சொல்ல வேண்டும். முதல் சரணத்தில் கிட்டார் மட்டும் ஒலித்தால்தான் அடுத்த பல்லவியில் டிரம்ஸ் நுழைவதற்கு அர்த்தம் இருக்கும். அடக்கி எழுதும் இந்தத் திறனுக்கே முதலாண்டில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்த வித்தை நீண்ட காலம் ஆளிடமிருந்து ஆளுக்கே கைமாறியது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற பிறகே இளையராஜா திரையுலகில் நுழைந்தார். ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகரும் மலையாளப் படங்களுக்கு இசைக்கோர்ப்பு செய்தவர். அவருடைய மகன் 2008-இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் இன்று மேற்கத்திய இசையும் இந்திய இசையும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்படுகின்றன. வீட்டில் தனியாகத் தொடங்க விரும்புபவர், பிடித்த பாட்டொன்றை ஹெட்ஃபோனில் கேட்டு, பல்லவி முதல் முடிவு வரை எந்தக் கருவி எந்த நொடியில் நுழைகிறது, எங்கே ஒதுங்குகிறது என்று தாளில் குறிக்கலாம். அதன் பிறகு பேஸ் கிட்டாரை மட்டும் தனியே பின்தொடர்ந்து இன்னொரு முறை கேட்கலாம்.