எலிக்கு வழி சொல்லிக்கொடுத்த விளையாட்டுப் பிள்ளை!

இரவு நேரம். அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருக்கும் பெல் ஆய்வுக்கூடத்தின் நீண்ட வராந்தா. ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒல்லியான மனிதர் ஒருவர் வருகிறார். சைக்கிளுக்கு ஹேண்டில்பார் கிடையாது. அதனால் சும்மா இருக்கும் இரண்டு கைகளாலும் பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடித்தபடியே கடந்து போகிறார்.

'வேலை நேரத்தில் இதென்ன விளையாட்டு?' என்று நமக்குக் கேட்கத் தோன்றும். ஆனால், இன்று நம் கையில் இருக்கும் செல்போனுக்கு அடிப்படைக் கணக்கைப் போட்டுக்கொடுத்தவரே அவர்தான். பெயர், கிளாட் ஷானன்.

முள்வேலியில் தந்தி

1916-ல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர் ஷானன். வளர்ந்தது கேலார்ட் என்ற சின்ன ஊரில். தாத்தா, எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பவர். பேரனுக்கும் அதே கை. அரை மைல் தூரத்தில் இருந்த நண்பன் வீட்டுக்கு, வயலைச் சுற்றியிருந்த முள்கம்பி வேலியையே வயராக்கித் தந்தி அடித்தான் சிறுவன் ஷானன்.

அந்தச் சிறுவன் வளர்ந்து 1948-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பேச்சு, எழுத்து, இசை, படம் என்று எதுவானாலும் அதை 0, 1 என்ற இரண்டே குறிகளால் அளக்கலாம் என்று அதில் காட்டினார். அந்த அளவின் பெயர்தான் 'பிட்'. 'உங்கள் டேட்டா 90 சதவிகிதம் தீர்ந்துவிட்டது' என்று இன்று வரும் எஸ்.எம்.எஸ்-ஸின் மூலக்கணக்கு அங்கே ஆரம்பித்தது.

மீதி எழுத்து என்ன?

போனில் பேசும்போது 'சாப்பிட்டா...' என்று லைன் கட்டானாலும், மறுமுனையில் இருப்பவர் 'ச்சா?' என்று தானாகவே முடித்துக்கொள்வார் அல்லவா? மொழியில் பாதி விஷயம் முன்கூட்டியே ஊகிக்கக்கூடியது. ஷானனுக்கு இது ஒரு விளையாட்டாகப் பட்டது. ஆங்கில வாக்கியம் ஒன்றை எடுத்து, எழுத்து எழுத்தாக மறைத்து, 'அடுத்தது என்ன?' என்று கேட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார். எத்தனை முறை தப்பாமல் சொல்கிறார்கள் என்று எண்ணினார். சாதாரண ஆங்கிலத்தில் ஏறக்குறைய 50 சதவிகிதம் உபரி என்று 1948-லேயே எழுதியிருந்தார்.

வாட்ஸ்அப்பில் 'இனிய காலை' என்று தட்டியதும் 'வணக்கம்' என்ற சொல் மேலே வந்து நிற்கிறதே... அது இதே விளையாட்டுதான். கேள்விக்குப் பதில் எழுதித் தரும் இன்றைய ஏ.ஐ செயலிகளும், 'அடுத்த சொல் எது?' என்ற ஊகத்தை அடுக்கடுக்காகச் செய்துதான் பதில் தருகின்றன.

பியானோவும் பகடையும்

பெல் ஆய்வுக்கூடத்தில் கணக்கீட்டு வேலை பார்த்துவந்தவர் பெட்டி. கணிதம் படித்தவர், பியானோ வாசிப்பார். ஷானனுக்கு ஜாஸ் இசை என்றால் உயிர், கிளாரினெட் வாசிப்பார். 1949-ல் இருவருக்கும் திருமணம்.

அதே ஆண்டில், சக ஆய்வாளர் ஜான் பியர்ஸுடன் சேர்ந்து பெட்டி ஒரு குறிப்பு எழுதினார். எந்த ஸ்வரக்கூட்டுக்குப் பின் எது வரலாம் என்று அட்டவணை போட்டு, பகடையை உருட்டி இசை அமைப்பது எப்படி என்பதுதான் விஷயம். கம்ப்யூட்டர் இசையமைக்கும் காலம் வருவதற்கு முன்பே, பகடையை வைத்து அதே யோசனையைச் செய்து பார்த்துவிட்டார்கள்! கணவருக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூட பெட்டியின் பெயருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

தீசியஸ் என்ற எலி

கணவனும் மனைவியும் வீட்டில் சேர்ந்து செய்தது, 'தீசியஸ்'. வயரிங் வேலையில் பெட்டிக்கும் பங்கு உண்டு. 25 கட்டங்கள் கொண்ட ஒரு புதிர்ப்பாதை. அதில் மரத்தால் செய்த ஒரு குட்டி எலி. எலிக்குள் காந்தம். தரைக்குக் கீழே அதை இழுத்துச் செல்ல இன்னொரு காந்தம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்படும் ரிலே சுவிட்சுகள்தான் மூளை.

முதல் முறை எலி தட்டுத்தடுமாறும். சுவரில் முட்டும், திரும்பும், வேறு பக்கம் போகும். ஒருவழியாக இலக்கைத் தொட்டுவிடும். மறுபடி ஆரம்பத்தில் வைத்தால், ஒரு தப்பும் செய்யாமல் நேராகப் போகும். சுவரை மாற்றி வைத்தால், பழைய பாடத்தை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ளும். தவறு செய்து, அதிலிருந்து பாடம் கற்கும் இயந்திரங்களின் மூத்த தலைமுறை இது.

செஸ்ஸையும் அவர் விடவில்லை. கம்ப்யூட்டர் செஸ் ஆடுவது எப்படி என்று 1950-ல் கட்டுரை எழுதினார். எல்லா ஆட்டங்களையும் கணக்குப் போட்டால், 1-க்குப் பின்னால் 120 பூஜ்யங்கள் வரும் என்றார். அதனால் எல்லாவற்றையும் யோசிக்காமல், நல்ல நகர்வுகளை மட்டும் தேர்ந்தெடுத்து யோசிக்கும் வழியையும் சொன்னார். 1965-ல் மாஸ்கோவில், முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக்குடன் ஆடி 42-வது நகர்வில் தோற்றுப்போனார்.

மறந்துபோன மனிதர்

1985-ல் இங்கிலாந்தின் பிரைட்டனில் ஆய்வாளர்கள் மாநாடு. சொல்லாமல் வந்து நின்ற ஷானனைப் பார்த்து அரங்கமே திகைத்தது. ஆட்டோகிராஃபுக்குக் கூட்டம் சூழ்ந்தது. விருந்தில் பேச அழைத்தார்கள். கொஞ்ச நேரம் பேசினார். கேட்பவர்களுக்கு அலுத்துவிடுமோ என்று நினைத்தவர், பாக்கெட்டிலிருந்து மூன்று பந்துகளை எடுத்து வீசிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதன் பிறகு அல்சைமர் நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. 1997-ல் 'டீப் ப்ளூ' கம்ப்யூட்டர், உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. வீடுகளுக்குள் இன்டர்நெட் வந்துகொண்டிருந்தது. எல்லாம் அவர் போட்ட விதைகள். ஆனால், அதை ரசிக்கும் நிலையில் அவர் இல்லை. தகவலை அளக்கக் கற்றுத்தந்தவரிடமிருந்து, அவருடைய நினைவுகள் ஒவ்வொன்றாக விலகிப்போயின. 2001 பிப்ரவரி 24-ல், 84 வயதில் மறைந்தார்.

அவர் கல்லறைக்கல்லின் முன்பக்கத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. புகழ்பெற்ற அந்தச் சூத்திரம் பின்பக்கத்தில் இருக்கிறது. சுற்றிப் போய்த் தேடிப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாட்டத் தெரியாமல் விழிக்கும் பிள்ளை இருந்தால், இன்று ஒருநாள் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்களேன்!