மலைத்தட ஓட்டம்

மலைத்தட ஓட்டம் என்பது மலைப்பகுதியிலுள்ள மண்பாதை, காட்டுப்பாதை, கற்படி ஆகியவற்றின் வழியே நெடுந்தொலைவு ஓடும் விளையாட்டு ஆகும். மாரத்தான் தொலைவான 42.195 கிமீ-க்கு மேற்பட்ட ஓட்டங்கள் அல்ட்ரா மாரத்தான் எனப்படுகின்றன. இவற்றில் பங்கேற்போரில் பெரும்பாலானோர் வேறு தொழில் செய்துகொண்டே ஓய்வு நேரத்தில் பயிற்சி பெறுபவர்கள் ஆவர். சென்னையின் மேற்குப் புறநகரான பாடி போன்ற சமவெளிப் பகுதிகளில் வாழ்வோருக்கு இவ்விளையாட்டில் எழும் சிக்கல்களையும் அவற்றுக்கான வழிகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

வரலாறு

1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், குதிரைகளுக்கென நடத்தப்பட்ட 100 மைல் மலைப்பந்தயத்தை கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரையின்றி ஓடியே 24 மணி நேரத்திற்குள் முடித்தார். வெஸ்டர்ன் ஸ்டேட்சு எனும் புகழ்பெற்ற ஓட்டம் இதிலிருந்தே வளர்ந்தது. 2003 ஆம் ஆண்டில் ஆல்ப்சு மலையில் மோன் பிளாங்க் சிகரத்தைச் சுற்றிவரும் ஓட்டம் தொடங்கப்பட்டது. இதன் தொலைவு சுமார் 170 கிமீ, மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர் ஆகும். மலை மற்றும் தட ஓட்டங்களுக்கான முதலாவது கூட்டு உலகப் போட்டி 2022 நவம்பரில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடைபெற்றது.

இந்தியாவில் 2010 ஆம் ஆண்டில் லடாக்கில் லா அல்ட்ரா எனும் உயர்மலை ஓட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் போட்டியாக இல்லாவிடினும், மலையை நெடுநேரம் ஏறி இறங்கும் வழக்கம் பழமையானது. கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள வெள்ளியங்கிரி மலையில் பக்தர்கள் ஏழு மலைகளைக் கடந்து செல்கின்றனர். 2024 ஆம் ஆண்டுப் பயணக் காலத்தில் அங்கு மூச்சுத்திணறல், மாரடைப்பு முதலிய காரணங்களால் பலர் உயிரிழந்தனர். ஆயத்தமின்றி மலையேறுவது உடலுக்கு எத்தகைய சுமை என்பதை இது உணர்த்துகின்றது.

தொலைவும் ஏற்றமும்

மலைத்தட ஓட்டத்தின் கடுமையைத் தொலைவைக் கொண்டு மட்டும் கணிக்க இயலாது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராகக் கருதித் தொலைவுடன் கூட்டுவது பன்னாட்டுத் தட ஓட்டச் சங்கத்தின் முறை ஆகும். எடுத்துக்காட்டாக, 1,500 மீட்டர் ஏற்றமுள்ள 30 கிமீ ஓட்டம், சமதளத்தில் 45 கிமீ ஓடுவதற்கு ஒப்பானது. எனவே சமதளத்தில் 30 கிமீ ஓடப் பழகிய ஒருவர், மலையில் அதே தொலைவுக்கு அதே நேரத்தை எதிர்பார்த்தல் தவறாகும். செங்குத்தான ஏற்றங்களில் தேர்ந்த வீரர்களும் நடந்தே செல்கின்றனர்.

ஏற்றம் மூச்சையும் இதயத்தையும் சோதிக்கின்றது. இறக்கம் தசைகளைச் சோதிக்கின்றது. இறங்கும்போது முன்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால் அவற்றின் இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. இதன் வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சமடையும். ஆயினும் ஒருமுறை இவ்வாறு பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சிதைவுடன் தாங்கும். இறக்கத்தையும் பயிற்சியில் சேர்ப்பது இதனாலேயே இன்றியமையாதது.

சமவெளியில் பயிற்சி

பாடி கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயராத பகுதி ஆகும். இங்குள்ள பெரிய ஏற்றம் பாடி சந்திப்பிலுள்ள மேம்பாலமே. ஒரு மேம்பாலத்தின் உயரத்தை 8 மீட்டர் எனக் கொண்டால், 1,500 மீட்டர் ஏற்றத்திற்கு அதனை ஏறத்தாழ 188 முறை ஏற வேண்டும். வாகன நெரிசலும் இதற்கு இடந்தராது. பத்து மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு சுமார் 30 மீட்டர் உயரம் கொண்டது. அதனை ஐம்பது முறை ஏறி இறங்கினால் அதே ஏற்றம் கிடைக்கும். இதனை ஒரே நாளில் செய்யாமல் பல வாரங்களில் பகிர்ந்து, சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

வார இறுதிகளில் சுமார் 90 மீட்டர் உயரமுள்ள பரங்கிமலையின் படிகளைப் பயன்படுத்தலாம். பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை திருத்தணியை அடைகின்றது. அங்குள்ள முருகன் கோயிலின் 365 படிகளில் கூட்டமில்லாத விடியற்காலையில் ஏறி இறங்குவது நல்ல பயிற்சி ஆகும். படிகள் தசைகளைப் பழக்குமே தவிர, கூழாங்கற்களிலும் வேர்களிலும் கால் வைக்கும் திறனைத் தாரா. ஆகவே போட்டிக்கு முன் சிலமுறையேனும் உண்மையான மலைப்பாதையில் ஓடிப் பார்த்தல் வேண்டும்.

நீரும் உணவும்

நெடுநேர ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்பிட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு ஆகியன எளிதில் கிடைப்பவை. நீர் குறைவதைப் போன்றே மிகுதியாக நீர் அருந்துவதும் ஆபத்தானது. 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. தாகத்திற்கேற்ப அருந்துவது பாதுகாப்பானது.

ஆபத்துகளும் ஒழுங்குமுறையும்

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகின்றது. வியர்வையில் நனைந்த உடலை மழையும் காற்றும் விரைவில் குளிரச் செய்யும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிமீ மலை ஓட்டத்தில் திடீரென ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் வீசியதில் 21 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களுள் நாட்டின் தலைசிறந்த வீரர்களும் அடங்குவர். காற்றுத்தடுப்பு மேலாடை அப்போட்டியில் கட்டாயமாக்கப்படவில்லை. அவ்வழியே இருந்த ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஆறு பேரைக் குகையில் சேர்த்துக் காப்பாற்றினார்.

தமிழ்நாட்டில் கோடைக் காட்டுத்தீயும் கருதத்தக்கது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றோர் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அதே ஆண்டில் மலையேற்றத்திற்கான விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காடுகளில் நுழைவது குற்றமாகும். பயிற்சிக்காகத் தனியே ஓடுவோருக்கும் இது பொருந்தும்.

விலகல்

இவ்வோட்டங்களில் இடைநிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் கெடு நேரம் உண்டு; அதற்குள் வந்து சேராதவர் நிறுத்தப்படுவர். மோன் பிளாங்க் ஓட்டத்தில் தேர்ந்த பயிற்சியுடன் தொடங்குவோரிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முடிப்பதில்லை. நடுக்கம், தெளிவற்ற பேச்சு, தடுமாற்றம், குழப்பம் ஆகியன தோன்றினால் தொலைவு எவ்வளவு குறைவாக எஞ்சியிருப்பினும் நிறுத்தி உதவி கோர வேண்டும். மலைப்பாதையில் ஊர்தி வந்து சேர மணிக்கணக்கில் ஆகலாம் என்பதால், உடல் முற்றிலும் ஓயும் முன்னரே, இடைநிலையத்தில் இருக்கும்போதே விலகுவது மீட்பை எளிதாக்கும்.