நாயின் இரத்தத்தில் ஒரு கிருமி

பினாங்கில் நாய் வளர்ப்போர் உண்ணியை நன்கு அறிவர். அது கடிக்கையில் சில வேளை 'பபீசியா கிப்சோனி' என்னும் நுண்கிருமியும் நாயின் இரத்தத்தில் புகும். செவ்வணுக்கள் சிதையும், ஈறு வெளுக்கும், நாய் சோர்ந்துவிடும். 1910-இல் பாட்டன் என்ற அறிஞர் இதனை முதன்முதல் விவரித்தது சென்னை வேட்டை நாய்களிடம் கண்டே. பின்னர் நரியிடமும் கண்டார். மலேசிய நாய்களிடமும் இது காணப்பட்டுள்ளது.

உருப்பெருக்கியில் இது சிறு வளையம்போல் தெரியும். எண்ணிக்கை குறைந்தாலோ, தேர்ந்த கண்ணுக்கும் தப்பிவிடும். ஆதலால் ஜப்பானின் ஒபிஹிரோ பல்கலைக்கழக ஆய்வாளர் நோயுற்ற நாயின் உடலையே சாட்சிக்கு அழைத்தனர். கிருமியின் மரபணுப் படிகளை நுண்ணுயிர்களுள் ஏற்றிப் பலவகைப் புரதங்களை உண்டாக்கி, அவற்றின்மேல் அந்நாயின் இரத்தநீரைப் படியச் செய்தால், அதிலுள்ள எதிர்ப்பொருள் தன் பகைவனின் புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும். பற்றிய இடத்திலிருந்தே மரபணுவையும் அறியலாம். கிருமியின் மேற்பரப்பில் அமைந்த பி50 புரதத்தைக் கொண்டு 2001 அளவில் ஒரு சோதனையும் வகுத்தனர். குணமடைந்த நாயிடமும் எதிர்ப்பொருள் சில காலம் தங்குமாதலின், இச்சோதனை ஒன்றையே நம்பி மருந்து கொடுப்பது தகாது.