இலை தைக்கும் முசுறு

கோடை விடுமுறையில் ஆனைமலை அடிவாரக் காட்டுக்குப் போகிறாயா, கண்ணு? யானை தெரிகிறதா என்று எல்லோரும் தூரத்தையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நீ பக்கத்துக் கிளைகளையும் பார். ஓரிடத்தில் பச்சை இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாக இருக்கும்.

"யார் ஒட்டினார்கள்?" என்று கேட்கிறாயா? சபாஷ்! அப்படிக் கேட்கிற பிள்ளையைத்தான் எனக்குப் பிடிக்கும்.

அது முசுறு எறும்பின் கூடு. செம்மஞ்சள் நிறம், நீளமான கால்கள். மாமரம் ஏறியவர்களுக்கு இதன் கடி நன்றாகத் தெரியும். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சுவதால்தான் அந்த எரிச்சல். அதனால் இரண்டடி தள்ளியே நில்.

கூடு கட்டும்போது முதலில் எறும்புகள் வரிசையாக நின்று பக்கத்து இலையின் ஓரத்தைக் கவ்வி இழுக்கும். இலை எட்டவில்லையா? ஓர் எறும்பின் இடுப்பை இன்னொன்று பிடிக்கும், அதன் இடுப்பை மற்றொன்று பிடிக்கும். இப்படிச் சங்கிலியாகத் தொங்கி, இலையை மெல்ல மெல்லக் கொண்டுவந்துவிடும்.

சரி, இலைகள் சேர்ந்துவிட்டன. ஒட்டுவது எப்படி? வளர்ந்த எறும்பிடம் பட்டு நூல் கிடையாது. புழுவாக இருக்கும் குட்டி எறும்பிடம்தான் உண்டு. காற்றாடி செய்யும்போது நீ பசைக் குப்பியைத் தாளின் ஓரமாக நகர்த்துவாய் அல்லவா? அதேபோல எறும்பு புழுவை வாயில் ஏந்தி, இந்த இலைக்கும் அந்த இலைக்குமாகக் கொண்டுபோகும். புழுவின் வாயிலிருந்து நூல் வரும். இலைகளின் இணைப்பில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது இந்தப் பட்டுதான்.

புரிந்ததா? இன்னும் ஒன்று கேள். வேறு பல எறும்புகளின் புழுக்கள் தம்மைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளத்தான் பட்டைச் செலவழிக்கும். முசுறுப் புழுவோ அதை வீட்டுக்கே கொடுத்துவிட்டு, தனக்கென்று ஓர் உறையும் இல்லாமல் வளர்ந்து எறும்பாகிறது. எனக்கு இந்தப் புழுவின் மேல் தனிப் பாசம்.

இலைகள் காய்ந்தால் எறும்புகள் பச்சை இலைகளில் புதுக் கூடு கட்டும். ஒரே குடும்பத்துக்குப் பல மரங்களில் கூடுகள் இருக்கும். இலை தின்னும் பூச்சிகளை அவை வேட்டையாடுவதால் மரத்துக்கும் காவல். சீனத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கூடுகளைக் கொண்டுவந்து மரங்களில் வைத்தார்கள்.

கிளையில் தனியாகத் திரியும் முசுறு ஒன்றைக் கண்டால் கால்களை எண்ணிப் பார். எறும்புக்கு 6 கால்கள். முசுறு போலவே வேடமிட்ட ஒரு சிலந்தி உண்டு. அதற்கு 8 கால்கள். ஆனால் முன்னங்கால் இரண்டையும் தூக்கி, உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு நடக்கும். அவசரப்பட்டால் ஏமாந்துபோவாய், நிதானமாக எண்ணு!